சிவப்பு இன்டு போட்ட பஸ்

அடியே, இன்று காலை ஷிப்டில் புது மார்க்கர் ஒன்றைப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் அந்த ஸ்பிரிட் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஐந்து வருடமாகப் பழகிய வாடைதான். ஆனால் போன வாரத்துக்குப் பிறகு அதை முகர்ந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மேஜையில் பாகங்கள் குவிந்து கிடக்க, மார்க்கரும் கையுமாகச் சிரித்தபடி நின்ற என்னைப் பக்கத்து மேஜைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடம் விளக்க முடியாது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் இருவரும் செக்கிங் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அச்சில் வார்த்த வண்டிப் பாகங்கள் வரும். ஒரு நூல் பிசகினாலும், மேலே பெருக்கல் குறி போல ஒரு சிவப்பு இன்டு போட்டுச் சிவப்பு டிரேயில் தள்ள வேண்டும். இன்டு விழுந்த பாகம் வண்டியில் ஏறாது, நேராக உருக்கத்தான் போகும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவளுக்கு, கண் கூர்மையானவள் என்ற பெயர் கிடைத்தது சும்மாவா? நீ அஞ்செட்டிக்காரி. அவ்வளவு வளைவும் காடும் தாண்டி வந்ததாலோ என்னவோ, உனக்கு நேர்கோடு என்றாலே அலுப்பு.

கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் உன் போனைக் காட்டினாய். யாரோ தனி ஆளாகக் கையால் வரைந்து அசையவிட்ட சின்னப் படம். ஒருவன் தன் நிழலைத் துண்டு போல மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறான். பிறகு அதை ஆற்றில் அலசிக் கொடியில் காயப்போடுகிறான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. கோடுகள் எல்லாம் நடுங்கிக்கொண்டே இருந்தன.

"என்னடி இது கிறுக்குத்தனமா? நெழல எங்கிட்டாவது தொவைப்பாய்ங்களா?" என்றேன்.

"கனவுல வந்தா கேப்பியா நீ? பேசாம பாத்துட்டுதான இருப்ப. இதயும் அப்டியே பாரு."

"கோடு கூட ஒழுங்கா நிக்கலயே."

"நிக்கற கோடு பொணம். நடுங்கினாத்தான் உசுரு" என்றாய். எனக்கு அப்போது அது பிடிபடவில்லை. ஆனால் அந்தப் படத்தை அன்று இறங்குவதற்குள் மூன்று முறை பார்த்தேன். அடுத்த நாளும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாளெல்லாம் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக் களைத்த கண்ணுக்கு, எதுவும் எதைப் போலவும் இல்லாத ஓர் இடம் கிடைத்திருந்தது.

நாமும் ஒன்று செய்வோம் என்று நீ சொன்னபோது நான் கேலி செய்தேன். நீயோ, கழிவுக்குப் போகவிருந்த பழைய செக்கிங் படிவங்களைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவிட்டாய். ஒரு பக்கம் கட்டம் கட்டமாக அச்சு, மறுபக்கம் வெள்ளை. ஃபைலில் கோர்க்க இடது ஓரத்தில் இரண்டு துளை. பலகையில் அதே இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, தாளை மாட்டி வரைந்தாய். எத்தனை தாள் மாட்டினாலும் அதே இடத்தில் உட்கார்ந்தது. "நமக்குன்னே ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க பாருடி" என்று நீ சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வார விடுமுறை எல்லாம் அதிலேயே போனது. நம் வாடகை அறையில் பிளாஸ்டிக் நாற்காலியின் சந்தில் போனைக் கவிழ்த்து வைத்து, கீழே தாளை மாற்றி மாற்றிப் படம் பிடிப்பது என் வேலை. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். கதை என்று ஒன்றும் கிடையாது. கம்பெனி பஸ் ஒன்று அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறுகிறது. வளைவில் அதற்குச் சக்கரங்களுக்கு நடுவே மாட்டுக் கால்களும், முன்னால் கொம்பும் முளைக்கின்றன. ஓரமாக நின்று புல் மேய்கிறது. உள்ளே இருப்பவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்க, அதிலிருந்து மேகம் கிளம்புகிறது. தாளின் பின்பக்க அச்சு மெலிதாகத் தெரிந்ததால் வானம் முழுக்கக் கட்டம். கடைசி மூன்று நொடியில் பஸ் மலை விளிம்புக்கு வந்து முன்னங்காலை அந்தரத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு நம் கேன்டீனில் அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் உன் ஒரே ஆசை. பெங்களூர் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே ஏதாவது படவிழாவுக்கு அனுப்பேன் என்றால், "மொதல்ல நம்ம லைன்ல நிக்கறவங்க பாக்கட்டும்" என்பாய். பாதிப் படத்தைச் சூப்பர்வைசரிடம் காட்டினோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் புரியலயேம்மா. சரி, முடிச்சுக் கொண்டா, போட்டுடலாம்" என்றார்.

அந்தக் கடைசி மூன்று நொடிக்கான முப்பத்தாறு தாளையும் வரைந்து முடித்துவிட்டு நீ ஊருக்குப் போனாய். "வரிசையா அடுக்கி மட்டும் வையி" என்றாய். நான் அடுக்கினேன். அடுக்கும்போதே கை சும்மா இருக்கவில்லை. ஏழாவது தாளில் சக்கரம் பெரிது. பதினொன்றில் ஜன்னல் சாய்வு. இருபதில் கொம்பு நீளம். சீருடைப் பையில் மார்க்கர் இருந்தது. சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு தாளின் மூலையிலும் சிவப்பு இன்டு. அதைச் செய்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வந்து பார்த்தாய். சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "முப்பத்தாறும் ரிஜெக்டா? ஒண்ணு கூட ஓகே இல்லியாடி? சரி விடு, மறுபடி போட்டுக்கறேன்."

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் நீ இல்லை.

உன் பெட்டியை எடுக்க வந்த உன் அம்மா, பலகையையும் தாள் கட்டையும் என் பக்கமாக நகர்த்தி, "நீயே வெச்சுக்கம்மா" என்றார். அந்தத் தாள் கட்டை ஒரு வருடத்துக்கு மேல் நான் அவிழ்க்கவில்லை. நீ கடைசியாக வரைந்தவற்றின் மேல் செல்லாது என்று எழுதி வைத்தவள் நான். அதை எப்படிப் பார்ப்பது?

இந்த வருடம் பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். "அந்தப் பொண்ணு ஒரு படம் போட்டுட்டு இருந்துச்சே, என்னாச்சும்மா?" என்றார். முடித்துத் தருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுபடி வரைய முயன்றேன். என் பஸ் கட்டில் மாதிரி வந்தது. ஸ்பிரிட் தொட்டு இன்டுவை அழிக்கப் பார்த்தேன், முதல் தாளின் மூலை பிய்ந்தது. அழுகையும் கோபமுமாக, வருவது வரட்டும் என்று இன்டுவோடு முப்பத்தாறையும் படம் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தேன்.

பஸ் விளிம்பை நோக்கி நடந்தது. அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் குருவி படபடத்துக்கொண்டு பறந்தது.

நான் போட்ட இன்டுதான். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று ஒல்லி, ஒன்று தடி. ஒரு நூல் பிசகைப் பிடிப்பவளின் முப்பத்தாறு குறியில் இரண்டு கூட ஒன்றாக இல்லை. அதனால்தான் அது சிறகடித்தது. நீ சொன்ன நடுக்கம் எதுவென்று எனக்குப் புரிந்த நேரம் அதுதான். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, நீ சிரித்த அதே இடத்தில், நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பன்னிரண்டு வெள்ளைத் தாளை ஆணியில் மாட்டினேன். வெறும் இன்டு மட்டும் வரைந்தேன். ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் தள்ளி, கடைசியில் தாளை விட்டே வெளியே. ஒரு நொடிப் படம். என் பங்கு அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எல்லோருடைய குடும்பமும் வந்திருந்தது. கேன்டீன் ஜன்னல்களை அட்டைப்பெட்டியால் மறைத்துச் சுவரில் படத்தை ஓடவிட்டார்கள். பொரியும் கடலையும் மெல்லும் சத்தம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் ஓடிய பேச்சு, பஸ்ஸுக்குக் கால் முளைத்ததும் நின்றது. குழந்தைகள் சிரித்தார்கள். பேச்சில்லாத படம் என்பதால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உன் கடைசி மூன்று நொடி வந்தது. சிவப்பு இன்டு தெரிந்ததும் பின்னால் நம் லைன் ஆட்களிடம் ஒரு சலசலப்பு. நாள் முழுக்க அதைப் போடுகிறவர்கள் அல்லவா. "டேய், ரிஜெக்ட் வண்டிடா" என்றது ஒரு குரல். ரிஜெக்ட் வண்டி விளிம்புக்கு வந்தது. முன்னங்காலை அந்தரத்தில் வைத்தது. விழவில்லை. அடுத்த காலையும் வைத்தது. இன்டு முன்னால் பறந்து சுவரை விட்டே போனது.

விசில், கைதட்டல், மேஜையைத் தட்டும் சத்தம். "இன்னொரு வாட்டி போடுங்க" என்று மூலைக்கு மூலை கேட்டார்கள். நான்கு முறை ஓட்டினோமடி. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "எனக்கு இப்பவும் புரியலம்மா. இன்னும் ஒருக்கா போடு" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று அப்போது தெரிந்தது.

விடியற்கால பஸ்ஸைப் பிடித்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வளைவுல பஸ்ஸு இப்டித்தான் ஆடும். அப்டியே போட்டிருக்கா" என்றார். பிறகு, "அந்தச் செவப்புக் குருவி அவ போட்டதில்லியே. யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"நல்லாருக்கு. தொணைக்குப் போவுது" என்றார்.

ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததை அவர் இரண்டு வார்த்தையில் எடுத்துப் போட்டுவிட்டார்.

பலகை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மார்க்கர் எப்போதும்போல் என் சீருடைப் பையில். இன்று முதலில் கைக்கு வந்த பாகத்தில் ஒரு கீறல். வேலை வேலைதான், இன்டு போட்டேன். சிவப்பு டிரேயில் அதை மெதுவாக வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "கெளம்பு" என்றேன்.