சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அதைக் கேட்கவே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு நாலைந்து வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இந்தக் கடிதத்துக்கு இது ஏழாம் நாள்.

நீ போனதும் நான் படுத்த படுக்கையானேன் அல்லவா? ஏதோ காய்ச்சல் என்று உன் அத்தான் போனில் சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

நீ இருந்த பத்து நாளும் என் மகளுக்குச் சைக்கிள் பழக்கினாய். சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நீ ஓடுவதைக் கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூச்சு வாங்க, எதிர்வீட்டுச் சுவரில் ஒரு நிமிடம் சாய்வாய். மறுபடி ஓடுவாய். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். உனக்கு நின்றால் களைப்பு போய்விடுகிறது. எனக்குத் தலைக்குக் குளித்தால் மறுநாள் எழ முடிவதில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்த உடம்பு மாதிரிதான் இருக்கிறது.

நீ கிளம்பிய அன்று சாப்பிடும்போது அவள், "சித்தி மாதிரி நீயும் ஓடுவியாம்மா?" என்றாள். குழந்தை சும்மா கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் நானே சைக்கிளைப் பிடித்து மூன்று தடவை தெருக்கோடி வரை ஓடினேன். அன்று ஒன்றுமே ஆகவில்லை. உன்னை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்றரை நாள் கழித்துத்தான் அடித்துப் போட்டது. மூன்று வாரம் திரையை விலக்கவில்லை. பல் துலக்கக்கூட உன் அத்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மற்றவர்கள் மூன்று வருடம் திருப்பி அனுப்பிய பிறகு, இது நாள்பட்ட சோர்வு நோய் என்று சொன்னவர் அவர்தான். "மனசு வச்சா முடியும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. முடியறதுல பாதியிலயே நிறுத்திக்கங்க" என்றார். பதினாலு வருடம் நர்ஸாக வார்டில் நின்றவள் நான். எத்தனை பேரிடம் "எழுந்து நடங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லியிருப்பேன்!

விஷயம் இனிமேல்தான். இப்போது அவள் சைக்கிளைத் தொடுவதே இல்லை. கேட்டால் பிடிக்கவில்லை என்கிறாள். போன வாரம் அவள் அப்பாவிடம், "நான் சைக்கிள் ஓட்டலன்னா அம்மா எந்திரிச்சிடுவாங்கல்ல?" என்று கேட்டாளாம். கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். "உன்னால இல்லடா. சித்தியப் பாத்து எனக்குப் பொறாமை. அதான் ஓடினேன்" என்றேன். "பெரியவங்களுக்குக் கூடவா பொறாமை வரும்?" என்று சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

விடுமுறைக்கு வந்துவிடு. பாதியில் விட்டதை நீயே முடித்துக்கொடு. அவள் சித்தி சித்தி என்று உன் பின்னால் சுற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கண்டுகொள்ளாதே. பொறாமை இன்னும் போகவில்லை. போகும் என்று என்னால் சொல்லவும் முடியாது.

ஒன்று மட்டும் கேள். காய்ச்சல் வந்தால் வேலை வேலை என்று திரியாமல் படுத்துவிடு. எனக்கும் ஒரு காய்ச்சலில்தான் இது ஆரம்பித்தது. உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் வயிற்றெரிச்சல் இல்லாமல் எழுதுகிறேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா