கதவு குறைகிறது

என்னங்க,

ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். வடாம் டப்பாவைத் தொடாதீர்கள், நான் இன்னும் சோதித்து முடிக்கவில்லை. நேற்று எண்ணெயில் உருகியது வடாம் இல்லை, பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் உங்கள் பிளாஸ்டிக் கட்டைகளில் ஒரு வெள்ளைக் கட்டை. பொரியும் என்று நான் காத்திருந்தது தப்பா, வடாம் காயும் துணியிலேயே நீங்கள் பிளாஸ்டிக்கையும் காயப்போட்டது தப்பா?

"எல்லாத்தையும் வித்துத் தொலைங்க" என்று அதற்குத்தான் கத்தினேன்.

நாலு மணிக்குப் படேல் நகர் பாட்டியா அம்மா பேரனுக்குக் கட்டைகள் வாங்க வருகிறார். தூதரகத்துக்காரர்கள் ஊர் மாறும்போது விற்கும் பழைய பொம்மைகளை ஞாயிறுதோறும் பொறுக்கி வருகிறீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுகிறீர்கள், ஆள் வந்தால் மனசு வராமல் "ஒண்ணு குறையுது பெஹன்ஜி, அப்புறம் வாங்க" என்கிறீர்கள். இன்றைக்காவது விற்றுவிடுங்கள்.

பெட்டியில் அள்ளிப் போடத்தான் காலையில் மாடிக்குப் போனேன். பங்குனி வெயிலில் கட்டைகள் ஈரத்தோடு மினுங்கின. உட்கார்ந்துவிட்டேன். கை தானாக அடுக்கியது: இரண்டு அறை, ஒரு பால்கனி, தெற்கே ஜன்னல். நாம் பதிந்து வைத்த அரசாங்க ஃபிளாட் குலுக்கலில் நமக்கு விழுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே வெயில் மெல்ல அறை மாறிக்கொண்டிருந்தது. என் பஸ் போனதே தெரியவில்லை.

மாடிச் சாவி மீட்டர் பெட்டி மேல்.

விசாலம்

பி.கு.: மாடியில் இருப்பதைக் கலைக்க வேண்டாம். பாட்டியா அம்மாவிடம் கதவு குறைகிறது, அப்புறம் வாங்க என்று சொல்லுங்கள். பொய்யில்லை. கதவு என் கைப்பையில் இருக்கிறது.