சஹனில் கொட்டிய அச்சாறு

விரலில் அச்சாறு வாசம் இன்னும் போகவில்லை மச்சான். சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். வினாகிரியும் கடுகும் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கின்றன.

இன்று பகல் பக்கத்து வீட்டில் கலியாணத்து வலிமா விருந்து. ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே பெரிய தட்டு, நடுவில் சோறும் இறைச்சியும், ஆளுக்கொரு பக்கம். உனக்குத் தெரியாததா? எனக்கு எதிரே இருந்தவர் அச்சாற்றுக் கோப்பையை எடுத்து, "யாருக்கு வேணும்?" என்று கேட்டு, வேண்டும் என்றவர்களின் பக்கத்தில் மட்டும் ஒரு கரண்டி வைத்தார். என் பக்கத்திலும் வைத்தார். அதில் ஊறியிருந்த ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்தேன். வாய்க்குள் போகவில்லை. எழுந்துவிட்டேன். சஹனிலிருந்து ஒருத்தன் பாதியில் எழுந்தால் மற்ற ஐந்து பேருக்கும் சோறு இறங்காது. அது தெரிந்தும் எழுந்தேன். "என்ன, சொகமில்லயா?" என்று கேட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், யட்டவத்த பஸ்ஸில் ஏறினேன். உன் ஊருக்கு. அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் மற்றதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் கூடப்பிறந்த ராத்தாவின் கலியாணத்துக்கு நீ வந்த நாள் நினைவிருக்கிறதா? கெம்பஸில் மூன்றாம் வருடம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தாய். உன் வாழ்க்கையில் முதல் சஹன். என் பெரிய மாமாவோடு உட்கார வைத்தோம், வயிற்றுப் புண்காரர், மிளகாய் வாசமே ஆகாது. நீ மரியாதை காட்டுகிறாயாம்! எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்று நினைத்து, கோப்பையில் இருந்த அச்சாறு முழுவதையும் சோற்றுக்கு நடுவில் கவிழ்த்துக் கிளறியும் விட்டாய். மாமா ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர், இருமல், பெரிய அமளி.

"மகன், ஒங்களுக்கு வேணுமெண்டா ஒங்கட பக்கத்துல வெச்சிக்கோங்க. நடுவுல கொட்டினா எல்லார்ட வாய்க்கும்தான் போகும்" என்றார் மாமா. நீ மாமாவை விடச் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாய்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நீ எவ்வளவு தூரம் போனாய்! வளைகுடாவில் அந்த எண்ணெய் ரிஃபைனரியின் திட்டமிடல் பிரிவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்த முதல் கிழமையே, அவர்கள் ஒரு நாள் முழுக்க விளக்கியதை நீ எனக்குத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். எந்த நாட்டுக் கச்சா எண்ணெயை எவ்வளவு வாங்குவது, எந்த யூனிட்டை எவ்வளவு ஓட்டுவது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி மாடல் அது. அடுத்த மாதத்துக்கு ஒரு கணக்கு, அதன் பெயர் கேஸ். அதற்கடுத்த மாதத்துக்கு ஒரு கேஸ். ஒரு உலை நின்றுபோனால் என்ன செய்வது என்று இன்னொரு கேஸ். அப்படி நாற்பது, ஐம்பது. ஆனால் ஒவ்வொரு எண்ணெயிலும் எவ்வளவு டீசல் வரும், ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் ஒரே பொது அட்டவணையில் இருக்கும். எல்லாக் கேஸும் அதைத்தான் பார்க்கும். ஒரு கேஸுக்கு மட்டும் ஏதாவது மாறினால், அதை அந்தக் கேஸின் தனித்தாளில் எழுதவேண்டும்.

"அட இது சஹன்தாண்டா" என்றாய். "பொது அட்டவணைதான் நடுச்சோறு. கேஸ்னா அவனவன் பக்கம். எல்லாருக்கும் உண்மையா இருந்தா நடுவுல வை. உனக்கு மட்டும்னா உன் பக்கத்துல வை. அவ்வளவுதான், இதுக்குப் போயி ஒரு நாள் பூரா பேசுறானுங்க!"

அன்றிலிருந்து நமக்குள் அதுதான் பாஷை. யாராவது ஒரு மாதத்துக்கான எண்ணைத் தவறிப் பொது அட்டவணையில் போட்டுவிட்டால், நீ நாற்காலியைத் திருப்பி, "மச்சான், எவனோ அச்சாற கொட்டிட்டான்" என்பாய். இரண்டு பேரும் தேடிப்பிடித்து வழித்தெடுப்போம்.

இன்னொரு விஷயத்துக்கும் என்னைக் கிண்டல் செய்வாய். பொது அட்டவணையில் எதை மாற்றினாலும் ‘காரணம்’ என்று ஒரு பெட்டி வரும். அதில் எதையாவது எழுதாமல் உள்ளே விடாது. நீ வரி வரியாக எழுதுவாய், என்ன, ஏன், எதுவரைக்கும் என்று. எனக்கு அந்தப் பொறுமை எங்கே? 786 என்று தட்டிவிட்டுப் போய்விடுவேன். பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் கடிதத்தின் தலையில் போடும் எண், வாப்பா கடைக் கொப்பியில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த பழக்கம். "உங்க சாமிய எதுக்குடா அந்தப் பொட்டிக்குள்ள தள்ளுற? காரணத்த எழுதுடா சோம்பேறி!" என்பாய். அந்த மாடியிலேயே 786 என்று எழுதியவன் நான் ஒருத்தன்தான்.

அப்புறம் அந்த மாதம் வந்தது. ஒரு யூனிட்டின் உலையைச் சுத்தம் செய்வதற்காக ஒரே ஒரு மாதம் மட்டும் அதன் கொள்ளளவைப் பாதியாகக் குறைக்கவேண்டும். அந்த மாதத்துக் கேஸில் மட்டும். யாரோ அதைப் பொது அட்டவணையில் குறைத்துவிட்டார்கள். பின்னால் வந்த எல்லா மாதங்களும் யூனிட் பாதிதான் ஓடும் என்று நம்பின. அதற்கேற்ப எண்ணெய்க் கப்பல்கள் குறைந்தன. உலை சுத்தமாகி யூனிட் திரும்ப வந்தபோது அதற்குக் கொடுக்க எண்ணெய் இல்லை. அவ்வளவு பெரிய யூனிட் வெறும் வயிற்றோடு நின்றது.

விசாரணையில் மாற்றப் பதிவேட்டை அச்செடுத்து மேசையில் வைத்தார்கள். தேதி, அட்டவணை, பழைய எண், புதிய எண், உன் பெயர். தாளின் அகலம் போதாமல் காரணப் பத்தியை விட்டுவிட்டு அச்செடுத்திருந்தார்கள். நீ அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "என் பேரு இருக்கு. அப்ப நான்தான் போட்டிருப்பேன்" என்றாய். சண்டை போட்டிருக்கக்கூடாதா? ‘நான் இல்லை’ என்று ஒரு தடவை கத்தியிருக்கக்கூடாதா? அன்றைக்கு என் பக்கம் திரும்பி, "மச்சான், எனக்கு சுத்தமா ஞாபகம் இல்லடா" என்று மட்டும் சொன்னாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லவே இல்லை. நீ வெளியே போனபிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு கவனமான ஆள் இப்படிச் செய்வாரா என்று கேட்டார். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் அந்தச் சஹன் கதையைச் சொன்னேன். ராத்தாவின் கலியாணம், மாமாவின் இருமல், அச்சாறு, எல்லாம். "அவன் கெட்டவன் இல்லை, நல்லது நினைத்துக்கொண்டு நடுவில் கொட்டிவிடுவான்" என்றேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கிழமை உன்னை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்தார்கள்.

நீ ஊருக்கு வந்து யட்டவத்த பஸாரில் போட்டோகொப்பிக் கடை போட்டாய். போன வருடம் நானும் வந்துவிட்டேன், அதே ரிஃபைனரிக்கு மாத்தளை வீட்டிலிருந்தே வேலை. உன் கடைக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு அடையாள அட்டையைப் பிரதி எடுத்தால் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். வந்தவர்களிடம், "சரியா இருக்கான்னு நீங்களும் ஒருக்கா பாருங்க" என்பாய். வேறு ரிஃபைனரியில் இடம் இருக்கிறது, விண்ணப்பம் போடு என்று எத்தனை தடவை சொன்னேன்! "வேணாம் மச்சான். என் கைய எனக்கே நம்ப முடியல" என்றாய். நான் அதைக் கேட்டுவிட்டு உன் கடையில் பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தேன். நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டாய்.

போன வியாழக்கிழமை காலை. ரிஃபைனரி புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் பார்த்து, எது எல்லாருக்கும் பொது, எது ஒரு கேஸுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்தது. உன் பெயர். அந்த யூனிட். பாதியாக்கிய எண். வலது பக்கம் தள்ளிப் பார்த்தேன்.

காரணம்: 786.

அல்லாஹ்வே! அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நீ பல்வலி என்று டாக்டரிடம் போன நாள் அது. லைசன்ஸ் போதாமல் என் கணினியில் மாடல் திறக்கவில்லை. திறந்து கிடந்த உன் கணினியில், உன் கதிரையில், நான் உட்கார்ந்தேன். அவசரமாக அந்த எண்ணைப் போட்டேன். நீ கன்னம் வீங்கித் திரும்பி வந்தாய், நான் உன்னைக் குரங்கு என்று கிண்டல் செய்தேன். கிண்டல் செய்தது நினைவிருந்திருக்கிறது, போட்டது நினைவில்லை. விசாரணையன்று உண்மையிலேயே மறந்திருந்தேனா, மறக்கப் பார்த்தேனா? நான்கு நாளாக என்னையே கேட்டுக் கேட்டுச் சாகிறேன். தெரியவில்லை மச்சான். சத்தியமாகத் தெரியவில்லை.

மேனேஜருக்கு அன்றே எழுதினேன். பதில் இரண்டு வரி. அந்த விஷயம் முடிந்துவிட்டது, சம்பந்தப்பட்டவரும் உயிரோடு இல்லை, பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பாருங்கள். புதிய மென்பொருளுக்குப் பழைய பதிவின் பெயரும் தேதியும் மட்டும்தான் போகும், காரணப் பத்தி போகாது. அதாவது உன் பெயர் அங்கே கிடக்கும். என்னுடைய 786 அழிந்துவிடும்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இன்று சஹனில் உட்கார்ந்தேன்.

உன் கடையில் உன் மனைவிதான் இருந்தாள். "வாங்க நானா" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டாள். "கல்யாண வீட்டுல இருந்தா வர்றீங்க? அச்சாறு வாசம் வருது" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்து, "அவருக்கு அச்சாறுன்னா உசுரு" என்றாள். அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடாமல் சொன்னேன். உன் கதிரை, என் கை, 786, எல்லாவற்றையும்.

"அப்ப அவரு போடலையா?"

"இல்ல தங்கச்சி. நான்தான்."

அவள் மெஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாகுறதுக்கு மொத நாள்கூட கேட்டாரு நானா. ‘எப்ப போட்டேன்னே ஞாபகம் வரமாட்டேங்குது, எனக்கு மண்டையில என்னமோ ஆயிருச்சு’ன்னு. டாக்டர்கிட்ட போவோம்னு நானும் சொன்னேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏற என்னால் முடியவில்லை. மேனேஜரிடம் சொன்ன கதையையும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீங்களும் சிரிச்சீங்களா நானா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். கடைக்கு ஒரு பிள்ளை பாடசாலைத் தாள்களோடு வந்தது. அவள் வாங்கி, ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து, ஒவ்வொன்றையும் உன்னைப் போலவே மூன்று தடவை திருப்பிப் பார்த்துக் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பஸ் போயிரும் நானா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அசர் தொழுதுவிட்டுக் கணினியைத் திறந்தேன். பொது அட்டவணைக்கு ஒரு முகப்புக் குறிப்பு இருக்கிறது, நினைவிருக்கிறதா? எந்தக் கேஸைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும். அது மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் புதிய மென்பொருளுக்கும் போகும். அதில் எழுதினேன். எந்த யூனிட், எந்த மாதம், அதைப் பொதுவில் போட்டவன் யார், யாருடைய கதிரையில் உட்கார்ந்து போட்டான், யார் போடவில்லை. உன் முழுப்பெயரையும் என் முழுப்பெயரையும். கீழே காரணப் பெட்டி வந்தது. கை தன்பாட்டில் 7 என்று தட்டிவிட்டது. அழித்தேன். உன்னைப் போல வரி வரியாக எழுதினேன். எழுதத் தெரியவில்லை மச்சான், அழுதுகொண்டே எழுதினேன். நாளைக் காலையில் மேனேஜர் திறப்பார். என்னை நிறுத்துவார். நிறுத்தட்டும். அதற்குள் நாற்பது கேஸிலும் ஏறியிருக்கும். ஒவ்வொரு கேஸாகத் திறந்து பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் இருக்கிறது.

எல்லாருக்கும் உண்மையானதை நடுவில் வைத்துவிட்டேன். நீ பார்க்க இல்லையே, அதற்கு நான் என்ன செய்வேன்?

உன் மனைவி கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எதிலும் எழுதவில்லை. அது என் பக்கத்துக்கு உரியது.