வீட்டுக்காரர் பாட்டு

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

இராஜாங்கம் ஐயா காலையிலேயே போன் செய்தார். அடுத்த மாதம் திருவாரூரில் பட்டிமன்றம், அவர்தான் நடுவர். எக்காலத்துக்கும் பெரிய இசைக்கலைஞர் யார் என்பது தலைப்பு. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளுக்கு ஓர் அணி, எம்.எஸ்.வி.க்கு ஓர் அணி, இளையராஜாவுக்கு ஓர் அணி. மும்மூர்த்திகள் பிறந்த ஊரில் வைத்து இப்படிக் கேட்டால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதைச் சொன்னேன். "தீர்ப்பு கெடக்கட்டும்மா. ஜனங்க சிரிச்சிட்டு வீட்டுக்குப் போனாப் போதும். நீங்க ராஜா அணி" என்றார்.

இவரிடம் சொன்னேன். மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எம்.எஸ்.வி.க்கு எதிரா எம் பொண்டாட்டியே பேசப்போறாளா? வெளங்கிடும்" என்றார். அப்புறம் என்னை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றே எம்.எஸ்.வி. பாட்டாகப் பாடினார். மேலே போகிற இடத்தில் குரல் வழக்கம்போல் பிசிறியது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா மதிவாணன்?

3 மே, சனி

குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரணி என்ன சொல்லும் என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? இவரையே கேட்டேன். இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்காட்டி, இந்த இடத்தில் மெட்டு எப்படித் திரும்புகிறது பார், இங்கே ஏன் வாத்தியத்தை நிறுத்தினார் பார் என்று விளக்கினார். நான் பள்ளிக்கூடத்தில் நடத்துவதைவிட நன்றாகவே நடத்தினார். ஒரு பக்கம் எழுதிக்கொண்டேன். "எதிரிக்கு ஆயுதம் குடுக்குறேன், பாத்து வீசு" என்றார்.

11 மே, ஞாயிறு

திருவாரூரிலிருந்து இப்போதுதான் வந்தோம். மண்டபம் நிறைந்த கூட்டம். எனக்கு முன்னால் பேசிய எம்.எஸ்.வி. அணிக்காரர் பாடிப் பாடியே கைத்தட்டலை அள்ளிவிட்டார். நான் எழுந்தபோது கூட்டம் தளர்ந்து கிடந்தது. முதல் இரண்டு கருத்துக்கும் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அப்போதுதான் அது வந்தது. குறிப்பில் இல்லாதது.

"நடுவர் அவர்களே, எம்.எஸ்.வி. பாட்டு பெரிய பாட்டுதான், ஒத்துக்கிறேன். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா அதைப் பாடிக்கிட்டிருக்கார். அப்படியும் அந்தப் பாட்டு உயிரோட இருக்குன்னா பாத்துக்குங்களேன்."

மண்டபமே குலுங்கியது. நடுவர் விடுவாரா? "சார் இங்கதான் உக்காந்திருக்கார், எழுந்திரிங்க சார்" என்றார். இவர் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார். சிரித்தார். வீடியோக்காரர் அவரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு மும்மூர்த்திகளுக்கு. ஆனாலும் இன்றைய பேச்சு என்னுடையதுதான் என்று ஐயா பொன்னாடை போர்த்தினார். வரும்போது பைக்கில் இவர், "நல்லாப் பேசுன" என்றார். காற்றில் வேறு எதுவும் சொன்னாரா தெரியவில்லை.

14 மே

கனிமொழி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியிருக்கிறாள். என் பேச்சை வெட்டி, ‘வீட்டுக்காரர் பாட்டு’ என்று தலைப்பு வைத்து யாரோ போட்டிருக்கிறார்கள். இவர் கும்பிடுகிற இடத்தில் சாவு மேளச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். "அம்மா, செம" என்று எழுதியிருந்தாள். இவருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

22 மே

வீடு என்னமோ மாதிரி இருக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை. ஃபேன் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்கிறது.

30 மே, வெள்ளி

மாரியம்மன் கோயில் திருவிழா. எங்கள் ஊரில் மைக்செட் கட்டியதும் இவரைக் கூப்பிட்டு இரண்டு வரி பாடவிட்டுத்தான் சோதிப்பார்கள். கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். இன்றும் மைக்செட் புகழேந்தி கூப்பிட்டான்.

"வாங்கண்ணே, ஒரு பாட்டு எடுத்து விடுங்க. பாட்டு உயிரோட இருக்கான்னு பாத்துருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். புகழேந்தி கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம். இவரும் சிரித்தார். மைக்கை வாங்கினார். "அலோ, அலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்று சொன்னார். "நல்லாக் கேக்குது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேன் சத்தம் ஏன் பெரிதாகக் கேட்டது என்று. திருவாரூருக்குப் போய்வந்த பிறகு இந்த மனுஷன் ஒரு வரிகூடப் பாடவில்லை. அவர் நிறுத்தியது எனக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் தெரிகிறது. மேடையில் சொன்னதைவிட இது கேவலம்.

1 ஜூன்

தூக்கம் இல்லை. இவரை மேடையில் ஏற்றுவது எனக்குப் புதிதா? குறட்டையைச் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போனால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருவதைச் சொல்லியிருக்கிறேன். இவர் வைத்த ரசத்தைப் பற்றி ஐந்து ஊரில் பேசியிருக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்து இவர்தான் முதலில் சிரிப்பார். சில நாள் இவரே, "இதை வச்சுக்க, எடுபடும்" என்று எடுத்துக்கொடுப்பார். பட்டிமன்றத்தில் பேசுகிற எல்லாரும் வீட்டு ஆட்களைத்தானே பேசுகிறோம்? அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் குறட்டை மேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லையே. பாட்டு மேல் இருந்தது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். கை தட்டுறாங்கன்னா எதை வேணும்னாலும் தூக்கிக் கொடுத்துடுவியாடி நீ?

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளைக் கட்டுரையில் எழுத வைக்கிறேன். மார்க்கும் போடுகிறேன்.

22 ஜூன், ஞாயிறு

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர் வயலில் ஏறுகிற அன்று இவர் பாடாமல் இருந்ததே இல்லை. வேண்டுமென்றே நானும் கூடப் போனேன். மடையைத் திறந்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னங்க, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் என்ன."

"மேடைக்குச் சொன்னதுங்க அது. மனசுல இருந்து சொல்லலை."

மடையில் சிக்கிய சருகை எடுத்து எறிந்தார். அப்புறம் கேட்டார்: "ஏன் பாரதி, நெசமாவே நான் அவ்வளவு மோசமாவா பாடுறேன்?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். மேலே போகிற இடத்தில் பிசிறுகிற குரல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம்தான் யோசித்தேன், ஆனால் அதை அவர் பார்த்துவிட்டார். அப்புறம் நான் என்னென்னவோ சொன்னேன். "சரி விடு, வெயிலாயிடுச்சு, வீட்டுக்குப் போ" என்றார்.

மேடையில் பொய் சொல்ல வருகிற எனக்கு, வரப்பில் ஒரு பொய் வரவில்லை.

ஆனால் பொய்யா அது? மோசமாகத்தான் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டுமே நிஜம். அங்கே நின்று இதைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

5 ஜூலை

அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அதைப் போட்ட சேனல்காரரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். "நல்லா ஓடிக்கிட்டிருக்கு மேடம், இப்பப் போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றார். எடுக்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து எம்.எஸ்.வி. பாட்டுப் போட்டேன். கூடச் சேர்ந்து பாடுவார் என்று நினைத்தேன். "சத்தத்தைக் கொறை, தலை வலிக்குது" என்றார்.

17 ஆகஸ்ட்

இராஜாங்கம் ஐயா போன் செய்தார். கும்பகோணத்தில் நிகழ்ச்சியாம், அதே தலைப்பாம். "அந்த வீட்டுக்காரர் ஜோக்கை மறக்காம சொல்லிடுங்கம்மா, அதுக்குத்தான் உங்களைக் கேக்குறாங்க." வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் தின்பண்ட டப்பாவைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்காக ஒண்ணும் நிறுத்த வேணாம்" என்றார். உங்களுக்காகத்தான் என்று சொன்னேன். டப்பாவை மூடி வைத்தார்.

10 செப்டம்பர், புதன்

பக்கத்து வீட்டு தஹ்மீனாவிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனேன். பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள்: "அண்ணன் சாயங்காலம் பாடுறதைக் கேட்டுக்கிட்டேதான் அக்கா தைக்கிறேன். நேத்து நல்லா மேல ஏத்திப் பாடுனாங்க."

எந்த அண்ணன் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மதி அண்ணன்தான். வயல்லேர்ந்து வந்து கொல்லையில குளிக்கிறப்ப பாடுவாங்களே. நீங்க வர்ற வரைக்கும் பாட்டுதான்."

நீங்க வர்ற வரைக்கும்.

தஹ்மீனா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

11 செப்டம்பர்

பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாக வந்தேன். தெருவில் நுழைந்ததுமே கேட்டது. அதே குரல், அதே பிசிறு. எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அவசரமாகப் போய் கேட்டைத் திறந்தேன். கேட் சத்தத்தோடு பாட்டு நின்றது. அப்புறம் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் மட்டும்.

"வந்துட்டியா? டீ போட்டு பிளாஸ்க்ல வச்சிருக்கேன்" என்று கொல்லையிலிருந்தே குரல் கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

14 அக்டோபர், செவ்வாய்

சம்பா நடவு முடிந்துவிட்டது. காலாண்டு விடுமுறை போய்ப் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இதுதான் வழக்கமாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. தஹ்மீனா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் மிஷினை நிறுத்திவிடுவாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். இன்று மழைத் தூறல் வேறு, ஆனாலும் பாட்டு முடிகிற வரைக்கும் இருந்தேன். துண்டை உதறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்துபோய் கேட்டைத் திறந்தேன்.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். டீயை ஊற்றி நீட்டினார்.

"தெனம் இப்புடி லேட்டாவுதே பஸ்ஸு."

"ஆமாங்க" என்றேன். "ரோடு வேலை நடக்குது."