தலையணை உறைத் தொப்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் வாண்டும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகம் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறாய், அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்தேன், போன வியாழக்கிழமை வரைக்கும். போனில் பேசாமல் கிழவன் எதற்குக் காகிதத்தைத் தூக்கினான் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் மகள் என் காதுக்கும் போனுக்கும் நடுவில் தலையை நுழைத்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அவளுக்கு இருமல் விட்டுவிட்டது, முன்பல் இரண்டு விழுந்து பேச்சில் காற்றடிக்கிறது, வாய் மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்றே காலத்தை ஓட்டுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை மூலையில் எறிந்துவிட்டு, நாளைக்குக் காலையில் மாறுவேடப் போட்டி, வீட்டில் ஒருத்தர் செய்கிற வேலைக்கு வேஷம் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்கிறாள். டீச்சர் சீட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறதாம், அது பென்சில் டப்பாவுக்குள் கசங்கிக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரி தொலையட்டும், தாத்தா முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவன்தானே, ஒரு போர்வை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போ, வேஷம் முடிந்தது என்றேன். அதெல்லாம் முடியாது தாத்தா, நான் எங்கம்மா மாதிரிதான் போவேன் என்று உன் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நீ வெளிநாடு போய்ச் சேர்ந்த புதிதில் அனுப்பினாயே, வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியும் போட்டுக் கையில் கரண்டியோடு பெரிய அடுப்புக்கு முன்னால் நிற்கிற படம், அதுதான். தினமும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். உன் கல்யாணப் படத்தைக் காட்டினால் இது வேற யாரோ என்கிறாள்.

அப்புறம் என்ன, வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். என் வெள்ளைச் சட்டையின் கையை வெட்டிக் குட்டையாக்கி, முன்பக்கத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, பழைய மழைக்கோட்டிலிருந்து கறுப்புப் பொத்தான்களைப் பிய்த்து இரண்டு வரிசையாகத் தைத்தேன். ஊசியில் நூல் கோத்தது அவள்தான், என் கண்ணுக்கு அது ஆகாது. மேஜைவிரிப்பை மடித்து நாடா வைத்தேன், ஏப்ரன் ஆயிற்று. கழுத்துக்கு உன் அம்மாவின் கைக்குட்டை. தொப்பிக்குத்தான் திண்டாடிப் போனேன். கடைசியில் ஒரு தலையணை உறைக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்து, சுருக்கம் வைத்து, காலண்டர் அட்டை வளையத்தில் ஒட்டினேன். உன் அம்மா இருந்திருந்தால் மேஜைவிரிப்புக்கும் உறைக்கும் சேர்த்து என்னை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே அடம். பொத்தான் எத்தனை எண்ணு தாத்தா என்று பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தாள். எண்ணினேன். எண்ணப் போனவன் மற்றதையும் பார்த்துவிட்டேன் மகளே. நாலு வருஷமாக அந்தப் படத்தில் உன்னைத்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. கோட்டின் தோள் தையல் உன் பாதிக் கைக்கு இறங்கிக் கிடக்கிறது, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருக்கிறாய், மார்பில் தைத்திருக்கிற பேரைக் கரண்டி பிடித்த கையால் மறைத்திருக்கிறாய், மறையாமல் தெரிகிற இரண்டு எழுத்தும் உன் பேரில் இல்லாத எழுத்து. கோட்டுக்குக் கீழே முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அடுப்படியில் நிற்கிறவர்கள் அதைப் போடுவதில்லை, தண்ணீரில் நிற்கிறவர்கள்தான் போடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் அதைப் போட்டுக்கொண்டு நின்றவன் நான், என்னிடமா மறைக்கிறாய். விரலிடுக்கில் வெடித்திருக்கிறது, என்ன களிம்பு போடலாம் என்று போன மாதம் கேட்டாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போன் கேமரா கெட்டுவிட்டது என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாயே, அதிலாவது உறைத்திருக்க வேண்டும். யாரோ ஒரு சமையல்காரரிடம் ஐந்து நிமிஷத்துக்கு இரவல் வாங்கிய கோட்டைத்தான் இத்தனை நாளும் நாங்கள் கொண்டாடியிருக்கிறோம். பிள்ளைக்குத் தெரியக்கூடாதென்று குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த ஈரம் என்னோடு போகட்டும் என்றுதான் உன்னைச் சமையல் படிப்புக்கு அனுப்பினேன். நடக்கவில்லை, அதற்கு நீ என்ன செய்வாய். பாத்திரம் கழுவுகிறாய் என்று எனக்குக் கோபம் இல்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது. பெரிய சமையல்காரி ஆனதும் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்றாயே, வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது.

போட்டியைச் சொல்கிறேன் கேள். மேடையில் நன்றாகத்தான் போய் நின்றாள். கரண்டியைச் சுழற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள் பார், கூடமே கொல்லென்று சிரித்தது. அப்புறம்தான் எனக்கே கண்ணில் பட்டது, தொப்பியின் பின்பக்கம் நீல மையில் கொட்டை எழுத்தில் பிரசவ வார்டு என்று. நான் வேலையிலிருந்து நிற்கும்போது கழித்துக் கொடுத்த உறைகளில் ஒன்று அது. எந்த வார்டுத் துணி என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்பதால் முத்திரை வெளியே இருக்கும்படி தேய்ப்பதுதான் எங்கள் சலவைக்கூடத்து வழக்கம், பழகின கை அப்படியே தேய்த்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் நானே முதல் ஆளாகச் சிரித்திருப்பேன். பாவம், அவள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் முழித்தாள், சொல்லவேண்டியதெல்லாம் மறந்துபோய், மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காதீங்க, இது எங்கம்மா தொப்பி என்று கத்திவிட்டு ஓவென்று அழுதாள். டீச்சர் இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினார். எனக்கு என் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் வேஷத்தைக் கழற்றமாட்டேன் என்றாள். பாதி வழியில் என் விரலைப் பிடித்து இழுத்து, தாத்தா, அம்மா வர்றப்போ இந்தச் சட்டைய போட்டுக்கிட்டுத்தானே வருவாங்க என்று கேட்டாள். ஏன் கண்ணு என்றேன். போடலைன்னா அவங்கதான் அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும் என்கிறாள். நான் காட்டித் தர்றேன்டி, தாத்தாவுக்குத் தெரியும் என்றேன். அப்போ சரி என்று அவள் பாட்டுக்கு நடந்துவிட்டாள்.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை, அது நீ சொல்லவேண்டியது. ஆறு வயசுப் பிள்ளைக்கு வேலையில் மேல் கீழ் ஒன்றும் தெரியாது, நீ பயப்படாதே. வேலை முடிந்ததும் கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவு, களிம்பெல்லாம் அப்புறம். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே. நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேமராவைத் திற, எந்தத் துணியில் இருந்தாலும் சரி, உன் முகத்தை அவள் பார்த்துப் பழகட்டும். எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது மகளே, இவள்தான் உன் அம்மா என்று காட்டித் தர நான் இருக்கும்போதே வந்துவிடு.

இப்படிக்கு
உன் அப்பா