வெளிப்பக்கச் சிப்பி

அக்கா,

கையில் பழப்புளி மணம் இன்னும் போகவில்லை. நாளைக்கு நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசை. வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று குளியலறைக் கதவின் வெளிப்பக்கப் பித்தளைச் சிப்பியைத் துலக்கினேன். உப்புக் காற்று அதைப் பச்சையாக்கி வைத்திருந்தது. அழுத்தித் தேய்க்க, சிப்பி ஒற்றை ஆணியில் சுழன்று விலகியது. அடியில் ஒரு பள்ளம். கரண்டிக் காம்பை வைத்துத் திருகினேன். உள்ளே இருந்த பூட்டுக் குமிழும் சேர்ந்து திரும்பியது.

எனக்கு அந்தக் கதவு எதற்கு வேண்டியிருந்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? சண்டைக்குள் இடம்பெயர்ந்து மடுக் கோயிலில் இருந்தபோது, சேலை மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்த எனக்கு வலிப்பு வந்தது. நானும் விழுந்தேன், சேலையும் விழுந்தது. கண் விழித்தபோது சுற்றிவர முகங்கள். நீங்கள்தான் என்மேல் குனிந்து உங்கள் உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பேசாலைக்குத் திரும்பி வீடு கட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. நான் திறந்தாலொழியத் திறக்காத ஒரு கதவு.

"அப்பிடியே வாங்குறன் பிள்ளை, மாதா மேல ஆணை" என்றீர்கள்.

உள்பக்கக் குமிழுக்கு மேலே பதிக்க, கொப்பித் தாளில் வரி வரியாகச் சிப்பியை வரைந்தவள் நான். கோயிலுக்கு மெழுகுதிரித் தண்டு வார்ப்பவரிடம் கொடுத்து நீங்கள் இரண்டு சிப்பி செய்வித்து வந்தீர்கள். "வெளியிலயும் வடிவா இருக்கட்டும்." வந்தவர் போனவருக்கெல்லாம் என் கைவண்ணம் என்று காட்டினீர்கள். நானும் தலைகால் தெரியாமல் பூரித்துப் போனேன்.

மூன்றாம் மாதம் குளியலறைக்குள் விழுந்தேன். கட்டிலில் கண் விழித்து, எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ எங்க பூட்டினனி? கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது."

பூட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் உங்களை நம்பினேன், என் நினைவைக் கைவிட்டேன். அடுப்பை அணைத்தேனா, கேற்றைச் சாத்தினேனா என்று அதற்குப் பிறகு எல்லாவற்றையும் உங்களிடமே கேட்டேன். நீங்களும் சலிக்காமல் பதில் சொன்னீர்கள், கள்ளி!

இன்று உங்கள் மகளிடம் சிப்பியைக் காட்டினேன். அவள் முழிக்கவேயில்லை.

"அது தெரியும் சித்தி. அம்மா எங்கள் எல்லாருக்கும் காட்டித் தந்தவ. உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாது எண்டவ."

எல்லாருக்கும். அத்தானுக்கும் சேர்த்துத்தான். இத்தனை வருடமும் வீடு முழுக்கத் திறக்கத் தெரிந்த கதவுக்குப் பின்னால் நின்று நிம்மதியாகக் குளித்திருக்கிறேன். நான் வரைந்த சிப்பியை வைத்தே என் கண்ணை மறைத்திருக்கிறீர்கள்.

உயிரைக் காப்பாற்றினீர்கள், ஓம். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உங்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கட்டும் என்று நானே சொல்லியிருப்பேன்.

துலக்கி முடித்துக் குளிக்கப் போனேன். குமிழைத் திருப்பினேன், பூட்டு விழுந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. என் நினைவில் ஒரு பழுதும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும், உள்ளே நின்றபடி வாய்விட்டுக் கேட்டேன்.

"அக்கா, நான் பூட்டிட்டனா?"