கதவை மறித்து நிற்கும் ஹவெல் பிரைஸ்

அனுப்புநர்
இத்வால் பிரைஸ்,
உயிர்காப்புப் படகின் ஓய்வுபெற்ற எந்திரப் பணியாளர்,
சேப்பல் தெரு, பொர்த்கெனன், வேல்ஸ்.

பெறுநர்
கடலோர அழகுபடுத்தல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட மன்ற அலுவலகம்.

பொருள்: உயிர்காப்புப் படகு நிலையத்தின் வாசலில் நிற்கும் என் கொள்ளுத்தாத்தாவை அப்புறப்படுத்தக் கோருதல் – மூன்றாம் முறையாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நிலையம் தொடங்கி நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடத் தாங்கள் எழுப்பிய கருங்கல் சிலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் படகுத் தலைவர் ஹவெல் பிரைஸ் அப்படியே இருக்கிறார். மூக்கு எங்கள் குடும்ப மூக்கேதான். அதன் நிழலில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மதிய உணவை முடித்துவிடலாம். குறை, அவர் நிற்கும் இடத்தில். படகுக் கொட்டகையின் கதவுக்கும் படகை இறக்கும் சரிவுக்கும் நட்ட நடுவே நிற்கிறார்.

2. திறப்பு விழாவில் தாங்கள் எங்கள் வரலாற்றை வாசித்தபோது ஒரு பகுதி விடுபட்டுவிட்டது. அதைப் பணிவுடன் சேர்க்கிறேன். ஹவெல் பிரைஸ் துடுப்பு வலித்தால் அயர்லாந்து ஓரடி தள்ளிப்போகும் என்பார்கள், நான் நம்புகிறேன். அவர் ஊருக்கு விட்டுச்சென்ற சட்டம் ஒன்றே ஒன்று: கதவுக்கும் கடலுக்கும் நடுவே எதுவும் நிற்கக் கூடாது. ஊரின் பெரும் நிலச்சொந்தக்காரர் ஒருவர் அந்த இடத்தில் தமக்கென ஒரு குளியல் குடிசை போட்டார். அடுத்த புயலில் ஹவெல் படகை அந்தக் குடிசைக்குள் ஓட்டி மறுபுறமாகக் கடலில் இறக்கினார். சொந்தக்காரர் அப்போது உள்ளே காலுறை மட்டும் அணிந்து நின்றதாகச் சொல்வார்கள். தங்கள் அலுவலகத்தின் கண்ணியம் கருதி மேலே விரிக்கவில்லை.

3. அன்றிலிருந்து அந்த வாசலில் யாரும் குழந்தை வண்டியைக்கூட நிறுத்தியதில்லை. சவ ஊர்வலம் ஒதுங்கிப் போகும். என் கல்யாண ஊர்வலம் அந்தப் பக்கம் வந்தபோது, படகோட்டிகளை மீட்புக்கு அழைக்கும் வெடி வெடித்தது. நான் படகுக்கு ஓடினேன். என் மனைவி மைர், கல்யாண உடுப்போடு மற்றப் பெண்களுடன் சேர்ந்து வடம் பிடித்துப் படகைக் கடலுக்கு இழுத்தாள். "என்னைக் கைப்பிடிக்க வேண்டிய மனுஷன் துடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். ஆனாலும் அவள் அந்த வாசலை மறித்ததில்லை. தாங்கள்தான் மறித்திருக்கிறீர்கள், அதுவும் சட்டம் போட்டவரையே வைத்து.

4. கடந்த ஜூன் மாதம் கெத்தின் என்ற நண்டுக்காரனின் படகு எந்திரம் பன்றிப் பாறைக்கு அருகே நின்றுபோனது. முன்பென்றால் கதவு திறந்ததும் டிராக்டர் நேரே தள்ள, அடுப்பில் வைத்த தண்ணீர் சுடுவதற்குள் படகு கடலில் இருக்கும். இப்போதோ சிலையைத் தாண்ட வழியில்லை. படகைப் பின்கதவு வழியாக எடுத்து, சேப்பல் தெருவில் ஊர்வலம் விட்டு, மணல் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்றைய படகுத் தலைவி நெரிஸ் என் தம்பி மகள். அவள் வண்டியின் முன்னால் ஓடி ஓடி வழி விலக்கினாள். மீன் வறுவல் கடை முனையில் படகு சிக்கிக்கொண்டது. கடைக்காரர் தம் பெயர்ப்பலகையைத் தாமே கோடரியால் வெட்டி எறிந்த பிறகுதான் நகர்ந்தது.

5. போய்ச் சேர்ந்தபோது கெத்தினின் படகு தீக்குச்சிகளாகிவிட்டது. அவன் மார்பளவு தண்ணீரில் பாறையைக் கட்டிக்கொண்டு நின்றான். கரையில் இறக்கியதும் கேட்டான்: "ஏன்டி நெரிஸ், வழியில மீன் வறுவல் தின்னுட்டா வந்தீங்க?" அவள் சொன்னாள்: "எங்க எள்ளுத்தாத்தா வாசல்லயே நிக்கிறாருடா. வழி விடுங்கன்னா கேட்டாத்தானே!" எல்லாரும் சிரித்தோம். அவனுடைய கைகளைப் பாறையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் நெரிஸ் என்னிடம் சொன்னாள்.

6. தங்கள் அலுவலகத்துக்கு இருமுறை எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசியில் பேசிய இளம்பெண் மிகவும் மரியாதையாகவே பேசினார்: "சிலை வரலாற்றுச் சின்னமாப் பதிவாயிடுச்சு சார். அதைத் தொட முடியாது. நகரக்கூடியது படகுதானே, அதை வேற எங்கயாச்சும் நகர்த்திக்கலாமே?" ஐயா, கடலையும் அப்படியே கொஞ்சம் நகர்த்திக்கொள்ள எங்கு விண்ணப்பிப்பது என்று கேட்டேன். வேறு பிரிவுக்கு இணைப்புக் கொடுத்தார். அங்கே இன்னும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

7. சிலையை உடைக்கக் கேட்கவில்லை. இருபது அடி மேற்கே, சுவரோரமாக வையுங்கள். தூக்குவதற்கு ஊரே வரும். மைர் வடம் பிடிப்பாள். ஹவெல் பிரைஸ் இன்று உயிரோடிருந்தால் தம் சிலையைத் தாமே படகால் இடித்துத் தள்ளியிருப்பார். அவருடைய ரத்தம் நெரிஸின் உடம்பிலும் ஓடுகிறது என்பதை மிரட்டலாக அல்ல, தகவலாகத் தெரிவிக்கிறேன்.

8. கடைசியாக ஒன்று. மீட்கப் போய்க் கடலில் உயிர்விட்ட எங்கள் படகோட்டிகளின் பெயர்களைப் பீடத்தில் செதுக்கியதற்கு நன்றி. அவற்றுக்குக் கீழே கல்லை வழவழப்பாக்கி, எழுத்தில்லாமல் இடம் விட்டிருக்கிறீர்கள். பிற்காலத்துக்காக என்று கல்தச்சர் விளக்கினார். நெரிஸ் ஒவ்வொரு முறை கொட்டகைக் கதவைத் திறக்கும்போதும் அந்த வெற்றிடத்துக்கு எதிரில்தான் நிற்கிறாள். அக்டோபர் காற்று தொடங்கப்போகிறது. அதில் யார் பெயரையும் எழுத வேண்டி வருவதற்கு முன் அந்தக் கல்லை நகர்த்தித் தாருங்கள் ஐயா.

இடம்: பொர்த்கெனன்
நாள்: 3 செப்டம்பர் 1987

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) இத்வால் பிரைஸ்